பில்ட் டூலில் எச்டிஎம்எல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கம் வெள்ளையாக நிற்கிறது. கன்சோலைத் திறந்தால் ஒரே ஒரு சிவப்பு வரி: ‘அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்’, அதன் பின்னால் ஒரு கோண அடைப்புக்குறி. ஜாவாஸ்கிரிப்ட்டில் எங்கேயோ எழுத்துப்பிழை என்று நினைத்துக் கோப்பு கோப்பாகத் தேடுவோம். நானும் ஒரு முழு மதியத்தை அப்படித் தொலைத்திருக்கிறேன். கோடில் ஒரு பிழையும் இல்லை. பிரவுசர் மெயின்.ஜேஎஸ் கேட்டது; சர்வர் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்லை எடுத்துக் கொடுத்துவிட்டது. எச்டிஎம்எல்லின் முதல் எழுத்தே கோண அடைப்புக்குறிதானே. ஜாவாஸ்கிரிப்ட் என்று நம்பிப் படிக்கத் தொடங்கிய பிரவுசர் முதல் எழுத்திலேயே தடுக்கி விழுந்திருக்கிறது.

ஏன் அப்படிக் கொடுத்தது என்பதை, பாதைகளைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். நாம் எழுதும் கோப்புகளைத் தொகுத்து, தளத்தில் ஏற்றத் தயாராக்கித் தருவதுதான் பில்ட் டூலின் வேலை; வெப்பேக், வீட், பார்சல் மூன்றும் அப்படிப்பட்டவை. எச்டிஎம்எல் சம்பந்தமான பில்ட் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன என்பது என் அனுபவம். நாம் எழுதிய எச்டிஎம்எல் கோப்பை யார் தொடுகிறார்கள், எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று தெரியாமலேயே பில்ட் டூலுக்கான கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) எழுதுகிறோம். ஒரு டுடோரியலிலிருந்து நாலு வரி, பழைய புராஜெக்ட்டிலிருந்து பத்து வரி என்று எடுத்து ஒட்டினால், ஒரே கோப்பில் மூன்று பேர் கைவைப்பார்கள். இல்லையென்றால் ஒருவருமே வைக்க மாட்டார்கள்.

உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா?

வெப்பேக்குக்கு எச்டிஎம்எல் தானாகத் தெரியாது. கூடுதலாக எதையும் சேர்க்காவிட்டால் அதற்குப் புரிவது ஜாவாஸ்கிரிப்ட்டும் ஜேசானும் மட்டும்தான். வேலை ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் தொடங்கும். உருவான கோப்புகளின் பெயர்கள் தெரிந்த பிறகு, எச்டிஎம்எல்-வெப்பேக்-பிளகின் என்ற கூடுதல் கருவி நம் டெம்ப்ளேட்டை (மாதிரி எச்டிஎம்எல்லை) எடுத்து, அந்தப் பெயர்களை ஸ்கிரிப்ட் டேக்குகளாகச் செருகி, பில்ட்டின் விளைவுகள் சேரும் டிஸ்ட் ஃபோல்டரில் புதிதாக ஓர் எச்டிஎம்எல்லை எழுதிவைக்கும். ஆக, அங்கே எச்டிஎம்எல் என்பது விளைவு.

வீட், பார்சல் இரண்டிலும் கதை தலைகீழ். (வீட் என்ற பெயரோடு உருபு சேர்த்தால் குடியிருக்கும் வீடாகிவிடுகிறது. அதனால் வீட்-இல், வீட்-ஐ என்று கோடு போட்டே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அங்கே எச்டிஎம்எல்தான் வாசல். முதலில் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்லைப் படித்து, அதில் இருக்கும் ஸ்கிரிப்ட், ஸ்டைல், படம் என ஒவ்வொன்றின் பின்னாலும் போய்ச் சேகரித்து வரும்.

இந்த வித்தியாசம் மனதில் பதியாததால் வரும் தவறுகள் நிறைய. வெப்பேக்கில் பழகியவர்கள் வீட்-க்கு வந்ததும் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்லைப் பழக்கப்படி பப்ளிக் ஃபோல்டரில் போடுவார்கள். வீட் அதை புராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரில் தேடும். பப்ளிக் ஃபோல்டர் என்பது எதையும் மாற்றாமல் அப்படியே நகலெடுப்பதற்கான இடம். பில்ட் கொடுத்தால், இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்ற தொடக்கக் கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். இன்னொன்று, ஸ்கிரிப்ட் டேக்கில் டைப்பை மாட்யூல் என்று குறிக்காமல் விடுவது. அப்படி விட்டால் வீட் அந்தக் கோப்பை பண்டில் செய்யாது (மற்றவற்றோடு சேர்த்துத் தொகுக்காது). எச்சரிக்கை ஒன்று டெர்மினலில் ஓடி மறையும். நாம் பார்க்க மாட்டோம்.

பார்சலில் வருவது கொஞ்சம் விசித்திரமானது. புராஜெக்ட் தொடங்க என்பிஎம் இனிட் கட்டளை கொடுத்தால் பேக்கேஜ்.ஜேசானில் மெயின் என்றொரு வரி தானாக வந்து உட்காரும். பார்சல் 2 அதைப் பார்த்து, நாம் ஏதோ லைப்ரரி எழுதுகிறோம் என்று முடிவு கட்டிவிடும். பிறகு அந்த இடத்தில் எச்டிஎம்எல் எப்படி வரலாம் என்று நம்மிடமே சண்டைக்கு வரும். அந்த வரியை நீக்கிவிட்டு, சோர்ஸ் என்ற பெயரில் எச்டிஎம்எல்லின் பாதையைக் கொடுத்தால் சரி.

வெப்பேக்கில் நடப்பது இதற்கு நேர்மாறு. டெம்ப்ளேட்டிலேயே பழக்கதோஷத்தில் மெயின்.ஜேஎஸ்-க்கு ஒரு ஸ்கிரிப்ட் டேக் எழுதிவிடுவோம். பிளகினும் தன் பங்குக்கு ஒன்றைச் செருகும். கோடு இரண்டு முறை ஓடும். பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் எண்ணிக்கை இரண்டு கூடும். மெனு பொத்தான் என்றால் திறந்த அதே நொடியில் மூடிக்கொண்டு, எதுவுமே நடக்காதது போல முகம் காட்டும். வேடிக்கை என்னவென்றால், பயனர்களுக்குப் போகும் பில்ட்டான புரொடக்‌ஷனில் கோப்பின் பெயரோடு ஹேஷ் (உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும் எழுத்துக்கோவை) சேர்த்திருந்தால் இந்தக் கோளாறு காணாமல் போகும். அங்கே மெயின்.ஜேஎஸ் என்ற பெயரில் கோப்பே இருக்காது. கையால் எழுதிய டேக் 404 (கோப்பு இல்லை என்ற பதில்) வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். ‘என் மெஷினில் மட்டும் கெட்டுப்போகிறது’ என்று குழம்புவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஒரு டெம்ப்ளேட், இரண்டு லோடர்

வெப்பேக்கில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது: ‘பிளகினில் டைட்டில் கொடுத்திருக்கிறேன், பக்கத்தில் வரவே இல்லை.’

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது எளியது. சொந்த டெம்ப்ளேட் கொடுத்துவிட்டால், டைட்டில் எங்கே வர வேண்டும் என்பதையும் நாம்தான் அதில் எழுத வேண்டும். டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே ஒரு தலைப்பு இருந்தால் பிளகினில் கொடுத்தது எடுபடாது.

இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. டைட்டிலுக்கான இடத்தைச் சரியாகவே எழுதியிருப்போம். ஆனால் பிரவுசர் டேபில் தலைப்புக்குப் பதிலாக, நாம் எழுதிய சதவீதக் குறியும் சமக்குறியும் வேரியபிளின் பெயரும் அப்படியே வந்து நிற்கும். லோடர் என்பது ஒரு வகைக் கோப்பை வெப்பேக்குக்குப் புரியவைக்கும் துணைக்கருவி. டெம்ப்ளேட்டுக்கு வேறு எந்த லோடரும் பொருந்தாதபோது மட்டுமே பிளகின் தன்னிடமுள்ள லோடாஷ் டெம்ப்ளேட் லோடரைப் பயன்படுத்தும். நாமோ படங்களுக்காக கான்ஃபிக்கின் ரூல்ஸ் பகுதியில், எச்டிஎம்எல் என்று முடியும் எல்லாக் கோப்புகளுக்கும் எச்டிஎம்எல்-லோடரைப் போட்டிருப்போம். டெம்ப்ளேட்டும் எச்டிஎம்எல் என்றுதானே முடிகிறது? எச்டிஎம்எல்-லோடர் முந்திக்கொள்ளும். அதற்கு அந்தச் சதவீதக் குறிகள் வெறும் எழுத்துகள். பிளகினின் லோடர், இந்தக் கோப்புக்கு வேறொருவர் இருக்கிறார் என்று ஒதுங்கிவிடும்.

நான் செய்வது, டெம்ப்ளேட்டின் பெயரை இன்டெக்ஸ்.இஜேஎஸ் என்று மாற்றிவிடுவது. எச்டிஎம்எல்-லோடரின் விதி அதற்குப் பொருந்தாது, சதவீதக் குறிகள் மறுபடி வேலை செய்யும். படங்களை அதே குறிக்குள் ரிக்வயர் (வேறொரு கோப்பை வரவழைக்கும் கட்டளை) போட்டு எடுத்துக்கொள்ளலாம். மாறும் பகுதிகள் எதுவும் வேண்டாம், படங்கள் மட்டும் சரியாக வந்தால் போதும் என்பவர்கள் எச்டிஎம்எல்-லோடரை வைத்துக்கொண்டு, தலைப்பைக் கையால் எழுதிவிட்டுப் போகலாம். இரண்டில் ஒன்று.

இரண்டுமே இல்லாமல் டெம்ப்ளேட்டில் படத்தின் பாதையை மட்டும் எழுதிவைத்தால், வெப்பேக்குக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. டிஸ்ட்டில் படம் வராது.

படம் வர வேண்டிய இடத்தில், பாதையாக ‘ஆப்ஜெக்ட் மாட்யூல்’ என்று எழுதியிருந்தால், பழைய டுடோரியல் ஒன்று உங்களிடம் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். 2020 அக்டோபரில் வந்த வெப்பேக் 5-இல் படம், எழுத்துரு போன்றவற்றைக் கையாளும் அசெட் மாட்யூல் வசதி உள்ளேயே வந்துவிட்டது. ஃபைல்-லோடர், யூஆர்எல்-லோடர், ரா-லோடர் மூன்றுக்கும் அதுதான் மாற்று. பழையதை எடுத்துப் புதியதோடு சேர்த்துப் போட்டால், ஒரே படம் இரண்டு முறை செயலாக்கப்பட்டு டிஸ்ட்டில் இரண்டு நகல்களாகக் கிடக்கும் வாய்ப்பும் உண்டு. பழைய லோடர்களை எடுத்துவிடுங்கள்.

பாதைகள்

சரி, அந்தச் சிவப்பு வரிக்கு வருவோம்.

வெப்பேக் 5-இல் பப்ளிக்பாத் (கோப்புகளின் முகவரிக்கு முன்னால் சேரும் பாதை) எதுவும் கொடுக்காவிட்டால், அது ஆட்டோ. எச்டிஎம்எல்லில் ஸ்கிரிப்ட்டின் பாதை வெறும் மெயின்.ஜேஎஸ் என்று, முன்னால் சாய்கோடு இல்லாமல் எழுதப்படும். முகப்புப் பக்கத்தில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. முகப்பிலிருந்து ஒரு பொருளின் பக்கத்துக்குச் சொடுக்கிப் போனாலும் தொந்தரவில்லை, ஏனென்றால் ஸ்கிரிப்ட் ஏற்கெனவே ஏறிவிட்டது. புராடக்ட்ஸ் என்ற பாதைக்குக் கீழே 12 என்ற பக்கத்தில் நின்றுகொண்டு ரிஃப்ரெஷ் கொடுங்கள். இப்போது பிரவுசர் மெயின்.ஜேஎஸ் கோப்பை புராடக்ட்ஸுக்கு உள்ளே தேடும். அங்கே அது இல்லை. ஒரே எச்டிஎம்எல்லை வைத்து எல்லாப் பக்கங்களையும் காட்டும் ஒற்றைப் பக்கச் செயலிகளில், தெரியாத பாதை எது வந்தாலும் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்லைக் கொடு என்று சர்வருக்குச் சொல்லிவைத்திருப்போம். சொன்னதை அது செய்கிறது. 404 வந்திருந்தால் ஒரு நிமிடத்தில் புரிந்திருக்கும். 200 (எல்லாம் சரி) என்று பச்சையாக வந்து ஏமாற்றுகிறது. நெட்வொர்க் டேபில் அந்த ஜேஎஸ் கோப்பின் ரெஸ்பான்ஸைத் திறந்து பாருங்கள், உள்ளே உங்கள் எச்டிஎம்எல் உட்கார்ந்திருக்கும்.

பப்ளிக்பாத்துக்கு ஒற்றைச் சாய்கோடு கொடுத்தால் தீர்ந்தது. தளம் ஒரு துணை ஃபோல்டரில் ஏறப்போகிறது என்றால், அந்த ஃபோல்டரின் பெயரை இருபுறமும் சாய்கோட்டோடு கொடுக்க வேண்டும். வீட்-இல் இதே வேலையைச் செய்வது பேஸ். அதன் இயல்பு மதிப்பே ஒற்றைச் சாய்கோடுதான். அதனால் அங்கே பிரச்சினை துணை ஃபோல்டரில் ஏற்றும்போதுதான் தலைகாட்டும். எங்கே போட்டாலும் ஓடட்டும் என்று புள்ளியும் சாய்கோடும் கொடுப்பவர்கள் உண்டு. அது சார்புப் பாதை. உள்பக்கத்தில் ரிஃப்ரெஷ் கொடுத்தால் பழையபடி அதே சிவப்பு வரி.

அப்புறம், பில்ட் முடிந்ததும் டிஸ்ட்டில் உள்ள எச்டிஎம்எல்லை இரட்டைச் சொடுக்கில் திறந்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்ல வேண்டாம். ஃபைல் முகவரியில் திறந்தால் மாட்யூல் ஸ்கிரிப்ட்டுகளைப் பிரவுசர் சிஓஆர்எஸ் என்ற பாதுகாப்பு விதியைக் காரணம் காட்டித் தடுத்துவிடும். டிஸ்ட்டை ஒரு சர்வர் வழியே காட்டும் வீட் பிரிவியூ கட்டளை இருப்பது இதற்காகத்தான்.

பக்கங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால்

வீட்-இல் வேர் ஃபோல்டரில் அபவுட்.எச்டிஎம்எல் என்று ஒன்றைப் போடுங்கள். எழுதும்போது நம் மெஷினில் ஓடும் டெவ் சர்வரில் அழகாக வரும். பில்ட் கொடுத்தால் டிஸ்ட்டில் இருக்காது. டெவ் சர்வர் கேட்ட எச்டிஎம்எல்லைக் கேட்டபோது கொடுக்கும். பில்ட் மட்டும் இன்டெக்ஸ் என்ற ஒற்றை வாசலில்தான் நுழையும். மற்றப் பக்கங்களை கான்ஃபிக்கில் ரோலப்ஆப்ஷன்ஸுக்குள் இன்புட் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அப்படிப் பட்டியல் கொடுக்கும்போது இன்டெக்ஸையும் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். பிறகு அபவுட் வரும், முகப்பு போய்விடும்.

வெப்பேக்கில் ஒரு பக்கத்துக்கு ஒரு பிளகின் வேண்டும். ஃபைல்நேம் தனித்தனியாகக் கொடுக்காவிட்டால் எல்லாம் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்ற ஒரே பெயருக்கு மோதும். எந்தப் பக்கத்துக்கு எந்த ஸ்கிரிப்ட் என்று சொல்லும் சங்ஸ் கொடுக்காவிட்டால் எல்லா ஸ்கிரிப்ட்டும் எல்லாப் பக்கத்திலும் ஏறும். தலைப்பகுதி, அடிப்பகுதி போன்ற துண்டுகளை கான்ஃபிக்குக்குள் எஃப்எஸ் (கோப்புகளைப் படிக்க நோடில் உள்ள வசதி) வைத்துப் படித்துச் செருகுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் துண்டுகளை வெப்பேக் கண்காணிக்காது. மாற்றிவிட்டு, சேமித்துவிட்டு, பக்கம் மாறவில்லையே என்று உட்கார்ந்திருப்போம். துண்டுகளை டெம்ப்ளேட்டுக்குள்ளிருந்தே ரிக்வயர் செய்வது நல்லது.

மினிஃபை செய்த வினை

உள்ளீட்டுப் பெட்டிகளின் ஓரமும் உயரமும் டெவ்-இல் கச்சிதமாக இருக்கும். புரொடக்‌ஷனில் எல்லாம் பிரவுசரின் வெறும் பெட்டியாகிவிடும். சிஎஸ்எஸ் ஏறியிருக்கிறது, மற்ற எல்லாம் சரி, பெட்டிகள் மட்டும் இல்லை. சிஎஸ்எஸ்-இல் என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்த்தால், டைப் டெக்ஸ்ட்டாக உள்ள இன்புட் என்று இருக்கும். டிஸ்ட்டில் உள்ள எச்டிஎம்எல்லைத் திறந்தால் அந்த டைப்பே இருக்காது.

எச்டிஎம்எல்-வெப்பேக்-பிளகின் புரொடக்‌ஷன் முறையில் தானாக மினிஃபை செய்யும், அதாவது எச்டிஎம்எல்லைச் சுருக்கும். அதில் தேவையற்ற பண்புகளை நீக்கும் வேலையும் அடக்கம். இன்புட்டின் இயல்பான டைப்பே டெக்ஸ்ட்தான் என்பதால், எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான் என்று எடுத்துவிடுகிறது. பிரவுசருக்கு அது ஒன்றுதான். சிஎஸ்எஸ் தேர்விக்கு (செலக்டருக்கு) இல்லை. ரிமூவ் ரிடன்டன்ட் ஆட்ரிபியூட்ஸ் என்ற அந்தத் தேர்வை அணைத்துவிடலாம். ஒரு கிளாஸ் கொடுத்து அதற்கு ஸ்டைல் எழுதுவது இன்னும் நல்லது. கமென்ட்டுகளும் நீக்கப்படும் என்பதால், நாக்அவுட் போல கமென்ட்டுக்குள் கட்டளை எழுதும் நூலகம் எதையாவது வைத்திருப்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். மினிஃபை தேர்வுகளை நாமே எழுதினால் அவை இயல்பான தேர்வுகளோடு சேராது, முழுவதையும் மாற்றிவிடும். வேண்டியதை எல்லாம் திரும்ப எழுதுங்கள்.

கேஷ்

ஜேஎஸ், சிஎஸ்எஸ் பெயர்களில் கன்டென்ட்ஹேஷ் சேர்ப்பது இன்று எல்லோரும் செய்வதுதான். உள்ளடக்கம் மாறினால் பெயர் மாறும். அதனால் அவற்றை 31536000 விநாடிகள், அதாவது ஓர் ஆண்டு கேஷில் (பிரவுசரின் சேமிப்பில்) வைக்கச் சொல்லலாம். தவறு, அதே கேஷ் ஹெடரை எச்டிஎம்எல்லுக்கும் சேர்த்துக் கொடுப்பதில் நடக்கிறது. எச்டிஎம்எல்லின் பெயர் மாறாது. புதிய பெயர்களைப் பிரவுசருக்குச் சொல்லும் ஒரே கோப்பு அதுதான். அதற்கு நோ-கேஷ் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

அப்படிக் கொடுத்தாலும் ஓர் ஓட்டை இருக்கும். ஒருவர் காலையில் திறந்த டேபை மூடாமல் வைத்திருக்கிறார். மதியம் நாம் புதிய பில்ட் ஏற்றுகிறோம். பழையதை அழித்துவிடும் அவுட்புட் கிளீன் போட்டிருப்பதால் டிஸ்ட்டில் பழைய கோப்புகள் இல்லை, டிஸ்ட்டை அப்படியே ஏற்றுவதால் சர்வரிலும் இல்லை. மாலையில் அவர் ஒரு பொத்தானை அழுத்த, தேவைப்படும்போது மட்டும் ஏறும் ஒரு ஸ்கிரிப்ட்டைப் பிரவுசர் பழைய ஹேஷோடு கேட்கிறது. கோப்பு இல்லை. சர்வர் வழக்கம்போல இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்லைக் கொடுக்கிறது. அவருடைய கன்சோலில் நம் சிவப்பு வரி. நம் மெஷினில் எல்லாம் சரி. முந்தைய பில்ட்டின் ஜேஎஸ் கோப்புகளைச் சில நாட்களாவது சர்வரில் விட்டுவையுங்கள். இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்லைக் கொடுக்கும் அந்த விதியையும் பக்கங்களுக்கு மட்டும் என்று சுருக்குங்கள். ஜேஎஸ் என்று முடியும் முகவரிக்குக் கோப்பு இல்லையென்றால் 404 வரட்டும்.