பாஞ்சோவில் கம்பி உரசினால் பிரிட்ஜை ஏன் கடைசியில் தொடவேண்டும்

வட்டச் சட்டியில் தோல் கட்டி, நீண்ட கழுத்தில் கம்பி பூட்டிய பாஞ்சோவைத் திருகோணமலையில் வைத்திருப்பவர்கள் பலர் அதை நத்தார் கரோலுக்குத்தான் வெளியே எடுக்கிறார்கள். வருடத்திலேயே ஈரம் கூடிய நேரம் அது. பெட்டியைத் திறந்து மீட்டினால் ஒரு கம்பி ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்றில், உரசி இரையும், மற்றக் கம்பிகளின் சத்தம் அமுங்கிக் கிடக்கும். உடனே எல்லோருடைய கையும் கம்பிகளைத் தாங்கும் சிறு மரத்துண்டான பிரிட்ஜுக்குப் போகிறது. ஒருவர் அதன் காலுக்குக் கீழே தீக்குச்சி செருகுவார், இன்னொருவர் உயரமான பிரிட்ஜுக்குக் கொழும்பில் சொல்லிவைப்பார். பெரும்பாலும் பிரிட்ஜில் ஒரு குறையும் இருக்காது. தோல்தான் தொய்ந்திருக்கும்.

கிற்றாரில் பிரிட்ஜ் பலகையோடு ஒட்டியிருக்கிறது. பாஞ்சோவில் அது தோலின் மேல் சும்மா நிற்கிறது, கம்பிகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தோல் இறங்கினால் பிரிட்ஜும் கம்பியும் சேர்ந்து இறங்கும், தோல் இறுகினால் இரண்டும் ஏறும். ஆட்டுத்தோலோ கன்றுத்தோலோ கட்டிய பழைய பாஞ்சோ என்றால், வாடைக்காற்றோடு மழை வரும் கார்த்திகை மார்கழியில் தோல் ஈரத்தைக் குடித்துத் தொய்யும். ஆடியில் கச்சான் அடிக்கும்போது அதே தோல் காய்ந்து இறுகும். மழைநாளில் நன்றாக முறுக்கி இறுக்கிவிட்டு அப்படியே மறந்துபோனால், கச்சானில் ஒருநாள் தோல் கிழியவும் கூடும். பிளாஸ்டிக் தோலுக்கு ஈரம் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் அதுவும் காலப்போக்கில் மெல்ல இழுபடும், தோலை இழுத்துப் பிடிக்கச் சுற்றியுள்ள கொக்கிகளின் நட்டுகளும் அதிர்வில் தளரும். தொய்ந்த தோலை உலர்த்துகிறேன் என்று வாத்தியத்தை முற்றத்து வெயிலில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தோல் இறுகுகிறதோ இல்லையோ, கழுத்தின் ஒட்டு விட்டுப்போக அது நல்ல வழி.

ஆகவே முதலில் தோலைப் பாருங்கள். கம்பிகளை ஒரு கையால் அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு கொக்கிக்கும் அருகே விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தட்டிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரவேண்டும். பிளாஸ்டிக் தோலில் அந்த ஒலி ஜி-க்கும் ஏ-க்கும் நடுவில், ஜி ஷார்ப் பக்கமாக இருந்தால் பலருக்கும் பிடிக்கும். தாழ்ந்து கேட்கும் இடத்து நட்டை மட்டும் பிடித்து முறுக்குவதுதான் இங்கே நடக்கிற தவறு. அப்படிச் செய்தால் தோலை அழுத்திப் பிடிக்கும் உலோக வளையம் ஒரு பக்கம் சாயும். கார்ச் சில்லை மாட்டும்போது செய்வதுபோல எதிரெதிர் நட்டுகளாகப் போங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இயற்கைத் தோலில் இதைவிட நிதானம் தேவை, அதுவும் மழைநாளில் முழுதாக இறுக்கவே கூடாது. தோல் சரியானதும் கம்பி உயரத்தை, அதாவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தை, மறுபடி பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் கழுத்து. ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.25 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி. அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. சாதாரண போட்டோகொப்பிக் கடதாசி ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், மூன்றை அடுக்கிச் செருகிப் பாருங்கள். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருப்பி இந்த வளைவை மாற்றலாம். கம்பி உயரத்தைக் குறைக்க அதைத் திருப்பக்கூடாது. அது வளைவுக்கான திருகு மட்டுமே. அதை வைத்து உயரத்தைக் குறைத்தால் கழுத்து பின்னோக்கி வளைந்து, முதல் சில ஃபிரெட்டுகளில் இரைச்சல் தொடங்கும்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. சட்டியின் உள்ளே, கழுத்திலிருந்து, கம்பிகளின் முனை கட்டியிருக்கும் வால் பக்கம் வரை போகும் தடித்த இரும்புக் கம்பியையோ இரட்டைக் கம்பிகளையோ பார்த்திருப்பீர்கள். அவற்றின் நட்டுகளை எதிரெதிராகத் திருப்பினால் சட்டியின் மரவளையம் சற்றே நசுங்கி, கழுத்தின் கோணம் மாறி, கம்பி உயரமும் மாறும். யூடியூப் பார்த்துவிட்டு இதையே எல்லாவற்றுக்கும் மருந்தாக எடுத்துக்கொள்கிறார்கள். மயிரிழை அளவு திருத்தத்துக்கு அது பரவாயில்லை. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாற்றவேண்டி வந்தால் கழுத்தின் அடியும் மரவளையமும் சேரும் இடத்தில் மெல்லிய தகடு வைப்பதுதான் முறை. அந்த இரும்புக் கம்பியை முறுக்கி முறுக்கி மரவளையம் முட்டைவடிவமாகிவிட்டால், இந்த ஊரில் யாரிடமும் கொண்டுபோய் நிமிர்த்த முடியாது.

இப்போது பிரிட்ஜுக்கு வரலாம். ஐந்து கம்பிப் பாஞ்சோவுக்கு வழக்கமான உயரம் 5/8 அங்குலம், அதாவது 16 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1/2 அங்குலமும் 11/16 அங்குலமும் கிடைக்கும். கம்பி உயரத்தைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அடிமட்டம் வைத்து அளக்கவேண்டும், 3 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் பலருக்கும் வசதி. அந்த ஃபிரெட் கம்பியின் நடுப்புள்ளி. அதனால் பிரிட்ஜை 2 மில்லிமீட்டர் உயர்த்தினால் அங்கே 1 மில்லிமீட்டர்தான் ஏறும். இதை மறந்து, ஒரு மில்லிமீட்டர் குறைக்கவேண்டும் என்று பிரிட்ஜில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் தேய்த்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று யோசிப்பவர்கள் உண்டு.

தேய்ப்பதானால் கால்ப்பக்கம் தேயுங்கள். கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் சாண்ட் பேப்பரை ஒட்டி, பிரிட்ஜை நேராகப் பிடித்து மெல்ல இழுக்கவேண்டும். மேல்ப்பக்கத்தில் கைவைத்தால் கம்பி உட்காரும் வெட்டுகள் போய்விடும். உயரம் போதவில்லை என்று தீக்குச்சியோ ஐஸ்கிரீம் குச்சியோ செருகினால் அதிர்வு அங்கேயே செத்துப்போகும். பிரிட்ஜ் நழுவுகிறது என்று சூப்பர் குளூ போட்டு ஒட்டுவது அதைவிடப் பெரிய அநியாயம். நம் வறண்ட காடுகளில் கருங்காலி நிற்கிறதே, பிரிட்ஜ் முழுவதையும் அதிலேயே செதுக்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நல்ல பிரிட்ஜ் ஒன்றின் எடை 2 கிராமுக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மேப்பிள் மரத்தின் உச்சியில் ஒரு கீற்றுக் கருங்காலி வைப்பது அதனால்தான். முழுக் கருங்காலி பாரம், ஒலி மந்தமாகும்.

கம்பி மாற்றும்போது ஐந்தையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், பிரிட்ஜ் விழுந்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், அதற்கு முன் அதன் கால்கள் நிற்கும் இடத்தைத் தோலில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உயரம் மாறினால் இடமும் கொஞ்சம் மாறும். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியையும், அங்கே அழுத்தி எழுப்பும் ஒலியையும் சுருதி காட்டும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி கூடினால் பிரிட்ஜை வால் பக்கம் தள்ளுங்கள், குறைந்தால் கழுத்துப் பக்கம். மூன்றாவது கம்பி எப்போதும் கொஞ்சம் அடம்பிடிக்கும், அதற்காக மற்ற நான்கையும் கெடுக்காதீர்கள்.

அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் இரைந்தால் குற்றவாளி பிரிட்ஜும் இல்லை, தோலும் இல்லை. கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் தாண்டிவரும் வெள்ளைத் துண்டின் வெட்டு ஆழமாகிவிட்டது. அப்பச்சோடாவைத் துளி தூவி, ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, இறுகியதும் மெல்ல அராவி எடுக்கலாம். சூப்பர் குளூவுக்குப் பாஞ்சோவில் உள்ள நியாயமான வேலை இது ஒன்றுதான்.

இயற்கைத் தோல் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் தோலோடு மல்லுக்கட்டுவதைவிட, இரண்டு பிரிட்ஜ் வைத்திருப்பது மலிவு. மாரிக்கு 11/16, கச்சானுக்கு 5/8. எது எதற்கு என்று காலில் பென்சிலால் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.