ஐந்து கிலோ அரிசி நிலவில் எத்தனை கிலோ?

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் ஒரு மாலை, "ஐந்து கிலோ அரிசியை நிலவுக்குக் கொண்டு போனால் அங்கே எத்தனை கிலோ இருக்கும், அப்பா?" என்று கேட்டாள். "ஆறில் ஒரு பங்கு, ஒரு கிலோவுக்கும் குறைவு" என்று யோசிக்காமல் சொன்னேன். அது தவறு. அங்கும் அது ஐந்து கிலோதான். பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கும் இப்பாடத்தை வீட்டில் தமிழில் விளக்க முற்படும் பெற்றோர் இடறும் இடம் இதுதான் என்பதால், நான் பிறகு கடைப்பிடித்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு பொருளில் அடங்கியிருக்கும் பருப்பொருளின் அளவு நிறை. அதன் அலகு கிலோகிராம். அந்தப் பொருளை ஈர்ப்பு இழுக்கும் விசை எடை. அதன் அலகு நியூட்டன். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் வழக்கு இது. இலங்கைப் பாடநூல்களிலோ முன்னது திணிவு, பின்னது நிறை. நம் சிங்கப்பூரில் இரு நாட்டு நூல்களும் கைக்குக் கிடைப்பதால், எதைப் படிக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளாவிட்டால் விளக்கமே தலைகீழாகிவிடும். போதாக்குறைக்கு, சந்தையில் நாம் "எடை போடுங்கள்" என்று கேட்டு வாங்குவது கிலோவை, அதாவது நிறையை.

சொற்கள் தெளிந்தபின் கணக்கு எளிது. நிறையை அந்த இடத்தின் ஈர்ப்புப் புல வலிமையால், அதாவது ஒரு கிலோவை அங்கே ஈர்ப்பு இழுக்கும் விசையால், பெருக்கினால் எடை கிடைக்கும். பூமிக்குப் பள்ளியில் ஒரு கிலோவுக்கு 10 நியூட்டன் என்று எடுத்துக்கொள்வார்கள். சரியான மதிப்பு சுமார் 9.8. நிலவில் அது 1.62, செவ்வாயில் 3.71. ஆகவே ஐந்து கிலோ அரிசியின் எடை இங்கே 49 நியூட்டன், செவ்வாயில் ஏறத்தாழ 18.6, நிலவில் 8.1. கிலோ என்ற எண்ணை எங்கும் மாற்றக் கூடாது. பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் பெருக்கலில் அல்ல, விடைக்குப் பக்கத்தில் தவறான அலகை எழுதுவதில்தான்.

ஆனால் விடை சரியாக வந்துவிட்டால் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று பொருளல்ல. "நிலவில் தராசு என்ன காட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் தராசு என்று திருப்பிக் கேட்டால்தான் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. குளியலறையில் வைக்கும் தராசு விசையை அளந்து, பூமியில்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு, அதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. நிலவில் அதன்மேல் அரிசிப் பையை வைத்தால் 0.83 கிலோ என்று பொய் சொல்லும். என் மாமியார் இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் டாச்சிங் அப்படிப்பட்டதல்ல. கோடுகள் செதுக்கிய மெல்லிய கோல், ஒரு முனையில் தட்டு, மறுபுறம் நூலில் நகரும் குண்டு: பழைய தேக்கா சந்தையில் காத்தி என்ற பழைய நிறை அளவில் காய்கறி நிறுத்த அதே வெள்ளிக்கோல்தான். பொருளைக் குண்டோடு அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஈர்ப்பு குறைந்தால் இரு பக்கமும் ஒரே விகிதத்தில் குறையும் என்பதால், நிலவிலும் கோல் அதே கோட்டில் சமநிலைக்கு வரும்.

இதை நேரில் காட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் மின்தூக்கி போதும். முள் உள்ள பழைய தராசு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். எண் காட்டும் மின்னணுத் தராசு ஓர் எண்ணில் நிலைத்து நின்றுவிடுவதால் பயன்படாது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மேல் தளத்தில் தராசின்மேல் ஏறி நின்று, தரைத்தளத்துக்கான பொத்தானை அழுத்துங்கள். மின்தூக்கி இறங்கத் தொடங்கும் ஓரிரு நொடிகளில் முள் சில கிலோ இறங்கி, வேகம் சீரானதும் பழைய இடத்துக்குத் திரும்பும்; நிற்கப்போகும்போது மேலே ஏறும். என் முள் 62-இலிருந்து 57 வரை இறங்கியது. அந்த ஒரு கணத்தில் நான் ஐந்து கிலோ இளைத்துவிடவில்லை என்பதை மகளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுமுறை அதே மின்தூக்கியில் டாச்சிங்கில் உருளைக்கிழங்கைத் தொங்கவிட்டு இறங்கினோம், கோல் அசையவில்லை. எங்களோடு ஏறிய பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பூமியிலேயே இந்த வேறுபாடு சிறிய அளவில் உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் ஈர்ப்பு 9.78, லண்டனில் 9.81. அங்கே அளவு திருத்திய மின்னணுத் தராசை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒரு கிலோ தங்கத்தை வைத்தால், மூன்று கிராம் குறைவாகக் காட்டும். சிராங்கூன் சாலை நகைக்கடைக்கு மூன்று கிராம் சிறிய விஷயமல்ல. துல்லியமான மின்னணுத் தராசைப் பயன்படுத்தும் இடத்திலேயே படிக்கல் வைத்துத் திருத்துவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, எடை குறைந்தாலும் குறையாதது எது என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பல விளக்கங்கள் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஓய்வில் இருக்கும் பொருளை நகர்த்தவும் ஓடும் பொருளை நிறுத்தவும் தேவைப்படும் முயற்சியைத் தீர்மானிப்பது நிறை. விண்வெளி உடையும் முதுகுப் பையுமாகச் சுமார் 90 கிலோவைச் சுமந்த 75 கிலோ மனிதர், நிலவில் 27 கிலோ மனிதர் பூமியில் இருப்பதைப் போன்ற எடையோடுதான் நிற்பார். ஆனால் நடையை நிறுத்தும்போது 165 கிலோவை நிறுத்த வேண்டும். அதே சமயம், காலுக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு எடையைப் பொறுத்தது என்பதால் அதுவும் ஆறில் ஒரு பங்காகிவிடும். 1969-இல் அப்பல்லோ 11 பயணத்தில் நிலவில் நடந்து பார்த்த பஸ் ஆல்ட்ரின், சீராக நிற்க இரண்டு மூன்று, சில சமயம் நான்கு அடிகள் தேவைப்படுகின்றன என்று அங்கிருந்தே தெரிவித்தார். மழை நாளில் ஈரச்சந்தையின் வழுக்கும் தரையில், நிரம்பிய தள்ளுவண்டியோடு விரைந்துவிட்டுத் திடீரென நிற்க முயன்றவர்களுக்கு இது எளிதில் புரியும்.

விண்வெளி நிலையத்தில் டாச்சிங்கும் கைகொடுக்காது. அங்கே ஈர்ப்பு இல்லை என்று எழுதினால் அது பிழை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலும் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய 90 விழுக்காடு இருக்கிறது. நிலையமும் அதிலுள்ள எல்லாமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் தட்டை அழுத்த எதுவும் இல்லை, அவ்வளவுதான். 1973-இல் ஏவப்பட்ட ஸ்கைலேப் நிலையத்தில், வீரர்கள் சுருள்வில் பொருத்திய இருக்கையில் அமர்ந்து முன்னும் பின்னும் ஆடி, ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தைக் கொண்டு தங்கள் நிறையை அளந்தார்கள். நிறை கூடினால் அலைவு மெதுவாகும்.

இதை நீங்கள் உணவு மேசையிலேயே செய்து பார்க்கலாம். இரும்பறுக்கும் ரம்பத்தின் 30 சென்டிமீட்டர் அலகை (வெட்டும் தகட்டை) வாங்கி, பற்களை ஒட்டுநாடாவால் நன்றாக மூடி, மேசை ஓரத்தில் இறுக்கியால் பிடிக்கச் செய்யுங்கள். அகலப் பக்கம் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் அலகு இடமும் வலமுமாக ஆடும், ஈர்ப்பு அதில் தலையிடாது. நுனியில் ஐந்து ஒரு வெள்ளி நாணயங்களை ஒட்டி, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்துகொள்ளுங்கள். 2013 முதல் புழங்கும் ஒரு வெள்ளி நாணயத்தின் நிறை 7.62 கிராம். பிறகு இருபது நாணயங்களை வைத்தால், நிறை நான்கு மடங்காகியும் நேரம் கிட்டத்தட்ட இரு மடங்காவதைக் காண்பீர்கள். அலகின் சொந்த நிறையும் சேர்வதால் சற்றுக் குறைவாக வரும். இடையில் பத்து, பதினைந்து நாணயங்களுக்கும் நேரத்தைக் குறித்து ஒரு வரைபடம் போட்டுக்கொண்டால், எந்தச் சிறு பொருளின் நிறையையும் அதிலிருந்து படிக்கலாம். எங்கள் வீட்டுச் சாவிக்கொத்து எட்டரை நாணயத்துக்குச் சமம் என்று வந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது 65 கிராம் காட்டியது.