போர்னியோவின் கெஞா மொழி: உச்சரிப்பிலிருந்து தொடங்குவோம்

பெயரைக் கேட்டதும் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடாதீர்கள். கெஞா, போர்னியோ தீவின் மொழி. மலேசியாவின் சரவாக்கில் பாராம், பாலூய் ஆற்றங்கரைகளிலும் இந்தோனேசியாவின் அப்போ காயான் மேட்டுநிலத்திலும் பேசுகிறார்கள். மலாய்க்குத் தூரத்து உறவு.

படி 1: ஒரே ஒரு கிளைமொழியைப் பிடியுங்கள். பாடெங், பாக்குங், லெபு' கூலிட் என்று பல உண்டு. மற்றவர்களுக்கும் ஓரளவு புரிவது லெப்போ' தாவ்; கீழே உள்ள சொற்கள் அதை ஒட்டியவை. ஊருக்கு ஊர் சற்று மாறும். இரண்டு ஊர்ச் சொற்களை ஒரே நோட்டில் கலந்தால் எதுவும் மனதில் நிற்காது.

படி 2: தொண்டையடைப்பு. சொல்லின் இறுதியில் வரும் மேற்கோள் குறி அலங்காரமல்ல, அதுவும் ஒரு மெய்யொலி. நீர் நிறைந்த குடத்தைத் தூக்கும்போது மூச்சு தொண்டையில் சட்டென்று அடைபடுகிறதே, அதேதான். 'உமா' என்று சொல்லத் தொடங்கி, கடைசி உயிரை அந்த அடைப்பால் வெட்டினால் உமா' (வீடு). நம்மவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுவார்கள்: உயிரை இழுத்துவிடுவார்கள், அல்லது 'உமாக்' என்று ககரம் சேர்ப்பார்கள். சப்பே' என்ற நரம்பிசைக் கருவியின் பெயரிலும் இதே அடைப்புதான்.

படி 3: மங்கல் உயிர். லெப்போ', லெமா (ஐந்து) இரண்டிலும் முதல் உயிர் நம் எகரமல்ல. 'காது' என்பதைப் பேச்சில் சொல்லும்போது கடைசியில் ஒலிக்கும் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் வரும். குறுகலாக, அழுத்தமின்றிச் சொல்லுங்கள்.

படி 4: சொற்களை ரோமன் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இதில் பிடிவாதமாக இருங்கள். தமிழ் எழுத்தில் ஒற்றைப் பகரம் உயிர்களுக்கு நடுவே வந்தால் நம் வாய் தானாகவே மெலிந்த ஒலியைக் கொடுத்துவிடும். அதனால்தான் மேலே லெப்போ' என்று இரட்டித்தோம். அங்கே இருப்பது வல்லொலி. லெபு' கூலிட்டில் வருவதோ மெல்லிய ஒலி. தமிழில் எழுதி வைத்தால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

படி 5: இறுதி வல்லெழுத்தை வெடிக்க விடாதீர்கள். பாட் (நான்கு) என்றால் நாக்கு பல்லருகே ஒட்டி அங்கேயே நிற்க வேண்டும். 'பாட்டு' ஆகக் கூடாது.

நமக்குச் சலுகையும் உண்டு. 'ஞ' அப்படியே இருக்கிறது. லோங் நவாங் போன்ற ஊர்ப்பெயர்களில் வரும் 'லோங்' (ஆற்று முகம்) இறுதியில் தனி 'ங்'தான். பின்னால் ககரம் ஒலிக்காது. நாம், நாங்கள் என்ற வேறுபாட்டை ஆங்கிலம் பேசுபவர் தலையைப் பிய்த்துக்கொண்டு படிப்பார். நமக்கு இலு என்றால் நாம், அமே' என்றால் நாங்கள், அவ்வளவுதான்.

மலாய் தெரிந்தவர்களுக்கு ஒரு பொறி: 'தீகா' மலாயில் மூன்று, கெஞாவிலோ 'நல்ல'. கெஞாவில் மூன்றுக்குச் சொல் தெலு.