1985 ஒரு ரூபாய்: வருஷத்துக்குக் கீழே பாருங்கள்

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு பித்தளைச் சொம்பு நிறையச் சில்லறை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தரையில் கொட்டிப் பிரித்தபோதுதான் எனக்குக் காசு சேகரிக்கும் இந்தப் பழக்கம் தொற்றியது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும். அதிலிருந்து 1985 என்று போட்ட ஒரு ரூபாய்க் காசுகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் ஒன்று, சின்னக் காந்தம் ஒன்று, நகைக்கடையில் இருப்பது போன்ற சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று போதும். மேஜைமேல் மெத்தென்று ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். விரல் ரேகை முகப்பில் பட்டால் நாளாக நாளாக அப்படியே கறையாகப் படிந்துவிடும்.

முதலில் காந்தம். இது செம்பும் நிக்கலும் கலந்த காசு, காந்தத்தில் ஒட்டாது. ஒட்டும் எஃகு ரூபாய் 1992-இல்தான் வந்தது. 1985 காசின் எடை 6 கிராம், குறுக்களவு 26 மில்லிமீட்டர். பல கை மாறிய காசு எடையில் கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

சரி, இனி முக்கியமான இடம். பூப் பக்கம் திருப்பி, வருஷத்துக்குக் கீழே லூப்பை வையுங்கள். காசை எந்த நாணயச்சாலை அடித்தது என்று சொல்லும் குறி அங்கேதான் இருக்கும். ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. நடுவில் டைமண்ட் இருந்தால் எங்கள் ஊர்க் காசு. கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கிக்குப் பக்கத்திலேயே இருக்கும் மும்பை நாணயச்சாலை அடித்தது. அதே டைமண்ட் முதல் எண்ணான 1-க்குக் கீழே தள்ளி இருந்தால் அது மும்பை இல்லை, வேல்ஸ் நாட்டின் லான்ட்ரிசன்ட்டில் உள்ள பிரிட்டிஷ் அரசு நாணயச்சாலையான ராயல் மின்ட். வருஷத்துக்குக் கீழே ஆங்கில எழுத்து 'எச்' (H) இருந்தால் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள ஹீட்டன் நாணயச்சாலை. அந்தக் காலத்தில் சில்லறைத் தட்டுப்பாடு. அதனால் அரசு வெளிநாட்டிலும் காசு அடித்து வரவழைத்தது. குறியின் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது எந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். தொடக்கத்தில் நான் லான்ட்ரிசன்ட் காசுகளை எல்லாம் மும்பைக் குவியலில்தான் போட்டு வைத்திருந்தேன். மற்ற வருஷக் காசுகளில் நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா.

அப்புறம் தரம், அதாவது காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது. இதில் அவசரப்படவே கூடாது. மேஜை விளக்கின் கீழே தலைப் பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். நடுச் சிங்கத்தின் பிடரி, மார்பு, பூப் பக்கத்தில் எண்ணின் இருபுறக் கதிர்களின் நுனி, இவைதான் மேடான இடங்கள். தேய்மானம் அங்கேதான் தொடங்கும். பிடரிமயிர் மழுங்கி ஒன்றாகிவிட்டால் 'ஃபைன்'. இழைகள் பெரும்பாலும் தெரிந்து, மேட்டில் மட்டும் தட்டையானால் 'வெரி ஃபைன்'. உச்சியில் மட்டும் லேசாகத் தேய்ந்தால் 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', வியாபாரிகள் வாயில் 'எக்ஸ்.எஃப்'. தேய்மானமே இல்லையென்றால் 'யு.என்.சி', அதாவது 'அன்சர்க்குலேட்டட்', புழக்கத்தில் படாத காசு.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அச்சு சரியாக விழாத காசிலும் பிடரி மங்கலாகத்தான் இருக்கும். காசை மெல்லச் சுழற்றுங்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல ஒளி சுற்றி வந்து, அந்த மங்கலான இடத்தின் மேலேயும் தடையில்லாமல் ஓடினால் அது தேய்மானம் இல்லை, அச்சின் குறை. ஒளி அங்கே செத்துப்போய் சாம்பல் நிறம் தெரிந்தால் தேய்ந்த காசு. நாணயச்சாலை மூட்டையில் ஒன்றோடொன்று மோதி விழுந்த கீறலையும் தேய்மானம் என்று எண்ண வேண்டாம்.

தயவுசெய்து காசைத் துலக்காதீர்கள். கார்த்திகைக்கு விளக்கு துலக்கிய அம்மா, என்மேல் உள்ள பாசத்தில் என் 'எச்' காசையும் புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. லூப்பில் பார்த்தால் சிங்கத்தின் முகத்தின் குறுக்கே மயிரிழைக் கோடுகள், எல்லாம் ஒரே திசையில். சுழலும் ஒளி போயே போய்விட்டது. அதை எந்தச் சேகரிப்பாளரும் யு.என்.சி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் நம்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

பார்த்து முடித்ததும் அட்டை ஹோல்டரில் போடுங்கள். பி.வி.சி பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளடைவில் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். அட்டையில் வருஷம், குறி, குறி இருக்கும் இடம், உங்கள் தரம் நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அட்டையைப் பார்க்காமல் அதே காசுக்கு மறுபடி தரம் போட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள்.