பெயரின் இறுதியில் ‘லிமிடெட்’: அது எதற்கு வரம்பு கட்டுகிறது?

சரக்கைக் கடனாக அனுப்பும் முன்போ, ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்போ, எதிர்த்தரப்பு நிறுவனத்தின் பெயர் ‘லிமிடெட்’ என்று முடிகிறதா என்பதைக் கவனியுங்கள். முடிந்தால், பின்வரும் வரிசையில் அதைப் படிப்பது நல்லது.

படி 1: வரம்பு யாருக்கு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

இங்குதான் பலரும் தடுமாறுகிறார்கள். நிறுவனம் தன் கடனுக்குத் தன் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பேற்க வேண்டும். அதற்கு வரம்பு இல்லை. வரம்பு பங்குதாரர்களுக்கே உரியது. 10 ரூபாய் முகமதிப்புள்ள 1,000 பங்குகளை எடுத்து, பங்கு ஒன்றுக்கு 6 ரூபாய் மட்டும் செலுத்தியிருப்பவர், நிறுவனம் நொடித்துப்போனால் மீதி 4,000 ரூபாயைத் தர வேண்டியிருக்கும். அதற்கு மேல் அவருடைய வீட்டையோ நகையையோ கடன் கொடுத்தவர்கள் கேட்க முடியாது. சாதாரணக் கூட்டு வணிகத்தில் கூட்டாளிகளின் சொந்தச் சொத்துக்கு இந்தக் காப்பு கிடையாது. ஆனால் லிமிடெட் நிறுவனத்திலும், ஏமாற்றும் நோக்கத்துடன் தொழில் நடத்தியது தெரியவந்தால், அதற்குக் காரணமானவர்களை வரம்பின்றிப் பொறுப்பாக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

படி 2: முன்னால் உள்ள சொல்லைப் பாருங்கள்

‘பிரைவேட் லிமிடெட்’ என்றால் குறைந்தது 2 உறுப்பினர்கள், பொதுவாக 200 பேருக்கு மிகாமல் இருப்பார்கள். வெறும் ‘லிமிடெட்’ பொது நிறுவனத்தைக் குறிக்கும். குறைந்தது 7 பேர் வேண்டும். ‘பொது’ என்பதால் அது அரசு நிறுவனம் ஆகிவிடாது.

படி 3: அடையாள எண்ணைத் தேடுங்கள்

நிறுவனத்தின் கடிதத்தாளில் சிஐஎன் எனப்படும் 21 இடங்கள் கொண்ட எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அதில் மாநிலக் குறியீடும் பதிவான ஆண்டும் அடங்கியிருக்கும்.

படி 4: மூலதனத்தைச் சரிபாருங்கள்

மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டு, செலுத்தப்பட்ட மூலதனம் எவ்வளவு என்று பாருங்கள். பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்குக் குறைந்தபட்சம் 1 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும் என்ற விதி 2015-இல் நீக்கப்பட்டதால், பெயர் பெரிதாக இருந்தும் மூலதனம் மிகச் சிறிதாக இருக்கக்கூடும். அத்தகைய நிறுவனத்துக்குப் பெருந்தொகையைக் கடனாகக் கொடுப்பதானால், இயக்குநரிடம் தனிப்பட்ட உத்தரவாதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. உத்தரவாதம் கொடுத்தவர் பிறகு ‘லிமிடெட்’ என்ற சொல்லின் பின்னால் ஒதுங்க முடியாது.

படி 5: நீங்களே பயன்படுத்துவதானால்

பதிவு செய்யாமல் கடையின் பெயருடன் இச்சொல்லைச் சேர்த்தால், 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, பயன்படுத்திய ஒவ்வொரு நாளுக்கும் 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். முறையாகப் பதிவு செய்த பிறகு, பெயர்ப்பலகையில் நிறுவனத்தின் பெயரை அவ்வட்டாரத்தில் வழங்கும் மொழியின் எழுத்திலும் பொறிக்க வேண்டும். ஆகவே மதுரையிலோ கோவையிலோ அலுவலகம் வைப்பவர்கள் தமிழ் எழுத்தில் ‘பிரைவேட் லிமிடெட்’ வரை முழுப் பெயரையும் எழுதுங்கள்.