இதயநோய் ஆய்வு முடிவுகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் முறை

"இதைச் செய்தால் மாரடைப்பு அபாயம் 30 விழுக்காடு கூடும்" என்பது போன்ற செய்தியைப் படித்தவுடன் நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். அந்த ஆய்வில் யாரை எண்ணினார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், எத்தனை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள் என்ற மூன்றையும் தேடிப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். புள்ளியியல் படிக்காதவரும் இதைச் செய்யலாம். பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முழுக் கட்டுரையும் கிடைத்தால் அதன் முதல் அட்டவணையை அவசியம் பாருங்கள்.

முதலில் ஆய்வு எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டறிய வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபிரேமிங்காம் நகரில் 1948இல் தொடங்கிய ஆய்வு, 30 முதல் 62 வயது வரையிலான 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களைப் பரிசோதித்து, யாருக்கு இதயநோய் வருகிறது என்று பல பத்தாண்டுகள் பொறுமையாகக் கவனித்தது. வயது கூடக்கூட ரத்த அழுத்தம் உயர்வது இயல்பே என்று மருத்துவர்கள் பலர் கருதிய காலம் அது. 1944 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ரத்த அழுத்தம் 186/108 என்று பதிவானது; அவர் தொடர்ந்து பதவியில் இருந்து, மறு ஆண்டு ஏப்ரலில் மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவால் இறந்தார். வில்லியம் கேனல், தாமஸ் டாபர் உள்ளிட்டோர் 1961இல் வெளியிட்ட ஃபிரேமிங்காம் கட்டுரைதான், உயர் ரத்த அழுத்தமும் மிகுந்த கொலஸ்ட்ராலும் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் அதிகம் வருவதை எண்களோடு காட்டியது. நோய் வருவதற்கு முன்பே அளவீடுகள் எடுக்கப்பட்டுவிடுவது இத்தகைய பின்தொடர் ஆய்வின் பெரும் பலம்.

நோய் வந்தவரிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகும் ஆய்வுகளும் உண்டு. 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, 52 நாடுகளில் முதல்முறை மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் மாரடைப்பு வராதவர்களையும் ஒப்பிட்டது. புகைபிடித்தல், ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம் ஆகிய ஒன்பதும் சேர்ந்து, ஆண்களின் மாரடைப்பு அபாயத்தில் 90 விழுக்காட்டையும் பெண்களின் அபாயத்தில் 94 விழுக்காட்டையும் விளக்குகின்றன என்பது அதன் முடிவு. மீதமுள்ள பத்து விழுக்காடுதான் பரம்பரையின் பங்கு என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது, ஏனெனில் பரம்பரைக் கூறும் பழக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்தே நோயை உண்டாக்கலாம். இவ்வகை ஆய்வில் கவனிக்க வேண்டிய பலவீனம் நினைவு: மாரடைப்பு வந்து மருத்துவமனையில் படுத்திருப்பவர், கடந்த ஓராண்டின் மனக் கவலைகளை, நலமாக இருப்பவரைவிடக் கூர்மையாக நினைவுகூரக்கூடும்.

அடுத்து, ஒப்பிடப்பட்ட இரு குழுக்களும் மற்ற எல்லா வகையிலும் ஒத்தவையா என்று பாருங்கள். நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதயநோய் குறைவாக வருவதாக, அமெரிக்கச் செவிலியர்களை 1976 முதல் பின்தொடர்ந்த ஆய்வு உள்ளிட்ட பல ஆய்வுகள் காட்டின. அந்த நம்பிக்கையில் மருத்துவர்களும் அதைப் பரவலாகப் பரிந்துரைத்தார்கள். பின்னர் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையும் மறு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் சோதனை, தீங்கு நன்மையை விஞ்சியதால் 2002இல் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. மாத்திரை எடுத்தவர்களுக்கு இதயநோய் குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. தாமாக மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், மருத்துவரை ஒழுங்காகப் பார்ப்பவர்கள். மாத்திரைக்கு உரியதாகத் தோன்றிய நன்மையில் ஒரு பங்கு அந்த வாழ்நிலையால் வந்திருக்கலாம். மாத்திரையை எந்த வயதில் தொடங்கினார்கள் என்பதும் வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

முதல் அட்டவணை உதவுவது இங்கேதான். அதில் இரு குழுக்களின் வயது, புகைப்பழக்கம், கல்வி, உடல் எடை, சர்க்கரை நோய் ஆகியவை பக்கத்துப் பக்கத்தில் தரப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரியாகப் படித்து, பெரிய வேறுபாடு தெரியும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுப்பதற்கு முன்பும் பின்பும் வந்த எண்களை ஒப்பிடுங்கள். எடுத்துக்காட்டாக, முதலில் 1.8 மடங்காக இருந்த அபாயம் சரிசெய்த பிறகு 1.2 மடங்காகச் சுருங்கினால், அளக்கப்படாத வேறு காரணங்களையும் சேர்த்திருந்தால் எஞ்சியதும் கரைந்திருக்குமோ என்று ஐயப்படுவது நியாயமே. நோயே பழக்கத்தை மாற்றியிருக்கவும் கூடும். நெஞ்சுவலி வந்தபின் புகையை விட்டவர், "புகைக்காதவர்" கணக்கில் சேர்ந்து அந்தக் குழுவின் அபாயத்தை உயர்த்திக் காட்டுவார். நல்ல ஆய்வாளர்கள் முதல் சில ஆண்டுகளில் நேர்ந்த நோய்களை நீக்கிவிட்டு மறுபடியும் கணக்கிட்டுக் காட்டுவார்கள்.

விழுக்காட்டைக் கண்டால் உடனே அசல் எண்ணிக்கையைத் தேடுங்கள். மேற்சொன்ன ஹார்மோன் சோதனையில் இதயநோய் அபாயம் 29 விழுக்காடு கூடியது என்பதும் உண்மை. ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வந்த நோய் 37 பேருக்கு வந்தது என்பதும் உண்மை. தனி ஒரு பெண்ணுக்கு அந்த ஏழு மிகச் சிறியது, ஆனால் பத்து லட்சம் பெண்கள் மாத்திரை எடுத்தால் ஆண்டுக்கு 700 பேர் கூடுதலாக நோயுறுவார்கள். ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1985இல் விளக்கியது போல, மிகுந்த அபாயமுள்ள சிலரைவிட, சிறிதளவு அபாயமுள்ள ஏராளமானவர்களிடமிருந்தே அதிக நோயாளிகள் வரக்கூடும். மக்கள் எல்லோருடைய உணவிலும் உப்பைச் சிறிது குறைப்பது பொதுச் சுகாதாரத்தில் பெரிய காரியமாவது இதனால்தான். உண்மையான மதிப்பு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று எண்ணோடு தரப்படும் வரம்பையும் பாருங்கள். அந்த 29 விழுக்காட்டின் வரம்பு 2 முதல் 63 வரை விரிந்திருந்தது. இவ்வளவு அகன்ற வரம்பு, அபாயம் மிகச் சிறிதாகவும் இருக்கலாம், கணிசமாகவும் இருக்கலாம் என்பதைக் காட்டுகிறது.

கடைசியாக, அந்த முடிவு உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். ஃபிரேமிங்காமின் முதல் தலைமுறையினர் அநேகமாக எல்லோரும் வெள்ளையர். அவர்களை வைத்து உருவாக்கிய அபாயக் கணக்கு சில ஐரோப்பிய நாடுகளில் உண்மையைவிட மிகுதியாகக் காட்டியதால் மறுசீரமைக்க வேண்டியிருந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 என்றும் இன்டர்ஹார்ட் தரவுகள் காட்டின. இளவயதிலேயே சர்க்கரை, கொழுப்பு முதலிய அதே காரணிகள் இங்கு மிகுந்திருப்பதே அந்த முன்கூட்டிய வருகையின் பெரும்பகுதியை விளக்கியது. எனவே நம் ஊரில் ஒருவரின் அபாயத்தைக் கணக்கிட, உலக சுகாதார நிறுவனம் 21 வட்டாரங்களுக்குத் தனித்தனியாக 2019இல் வெளியிட்ட அட்டவணைகளில் தெற்காசியாவுக்கு உரியதைப் பயன்படுத்துங்கள். கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்யாதவர்களுக்காக, உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கும் வடிவமும் அதில் உண்டு. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. அவர்கள் நேரே மருத்துவரின் ஆலோசனைப்படி சிகிச்சையைத் தொடர வேண்டும்.