வெள்ளம் புகுந்த கிணற்றைக் குடிநீருக்கு மீட்பது எப்படி

கிணற்றுக்குள் வெள்ளம் இறங்கினால் இரண்டு விதமான கேடு சேர்ந்தே இறங்குகிறது. செப்டிக் டேங்க்கிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் வரும் காலரா, டைபாய்டு, மஞ்சள்காமாலை, எலிக்காய்ச்சல் கிருமிகள் ஒரு பக்கம். டீசல், பூச்சிமருந்து, உரம், கடலோரமானால் உப்பு என்று நஞ்சும் மாசும் இன்னொரு பக்கம். பிளீச்சிங் பவுடர் கிருமியை மட்டும்தான் கொல்லும். நஞ்சை அது தொடாது. கொதிக்க வைத்தாலும் உரத்தின் நைட்ரேட்டும் உப்பும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடும்.

அதனால் வாளியை எடுக்கும் முன் சுற்றிப் பாருங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறதா, மண்ணெண்ணெய் நெடியோ மருந்து நெடியோ வருகிறதா, வெள்ளம் வந்த வழியில் பூச்சிமருந்துக் கிடங்கோ பட்டறையோ பெட்ரோல் பங்க்கோ இருந்ததா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். ரசாயனப் பரிசோதனை முடியும்வரை லாரித் தண்ணீர்தான் வழி. பல மருந்துகளுக்கு நெடியே கிடையாது என்பதால் மூக்கை மட்டும் நம்பவும் முடியாது.

இறைக்கும் முன்

மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டியுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அந்தக் காயம் வழியாக நுழையும்.

கிணற்றுக்குள் ஆள் இறங்குவதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். மட்கும் சேறு ஆக்சிஜனைத் தின்றுவிடும். டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள்ளோ வாயருகிலோ ஓட்டினால் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே தேங்கும். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தால் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்க முடியாது. பெட்ரோல் ஆவி இருந்தால் தீயே பிடிக்கும். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற அடுத்தவர் குதிக்கக் கூடாது. இப்படித்தான் ஒரே கிணற்றில் இரண்டு மூன்று பேர் சாகிறார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

முதலில் மிதக்கும் குப்பையையும் செத்த பிராணிகளையும் வலையால் அள்ளுங்கள். பிறகு மெல்ல இறையுங்கள். சுற்றுமண் ஊறியிருக்கும்போது ஒரே மூச்சில் வற்ற வைத்தால் வெளியிலிருந்து அழுத்தும் நீர் உறையையோ செங்கல் சுவரையோ உள்ளே தள்ளிவிடும். கடலோரக் கிணறானால் இன்னும் கவனம் தேவை. அங்கே மேலே மிதக்கும் நல்ல தண்ணீர்ப் படிவு மெல்லியது. அதிகம் இறைத்தால் அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் இதுதான் நடந்தது. அத்தகைய இடங்களில் சேற்றை மட்டும் எடுத்துவிட்டு, உப்பைக் கழுவும் வேலையை மழையிடம் விட்டுவிடுவதே சரி.

சேறு போன பின் 10 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, நீளக் கம்பில் கட்டிய பிரஷ்ஷால் சுவரைத் தேயுங்கள். கைப்பிடிச் சுவரிலும் தளத்திலும் உள்ள விரிசலை இப்போதே சிமெண்ட்டால் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மழையில் அழுக்கு மறுபடி உள்ளே வரும்.

அளந்து போடுவது

ஊற்று திரும்பி, தண்ணீர் தெளியட்டும். கலங்கலில் போட்டால் பவுடரிலுள்ள குளோரின் சேற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. பெரும்பாலானோர் தவறுவது இந்த அவசரத்தில்தான்.

கிணற்றின் விட்டத்தை அடிக் கணக்கில் அளந்து அதே எண்ணால் பெருக்குங்கள். அதை நீரின் ஆழத்தால் (அதுவும் அடிக் கணக்கில்) பெருக்கி, பிறகு 22.2 ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 6 அடி விட்டம், 10 அடி தண்ணீர் என்றால் 6 × 6 × 10 × 22.2, ஏறத்தாழ 8,000 லிட்டர்.

வெள்ளத்துக்குப் பிந்தைய முதல் வேளைக்கு 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது இந்தக் கிணற்றுக்கு 1.2 கிலோ. இது 33 சதவீதம் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கான கணக்கு. வாய் திறந்து கிடந்து கட்டி தட்டிய, நெடியடங்கிய பழைய மூட்டையை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

பவுடரை நேராகக் கிணற்றில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் போகாமல் போட்டு, சிறிது தண்ணீர் விட்டுக் களிம்பாகக் குழையுங்கள். முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. கிணற்றில் போனால் தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும். மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, கயிற்றில் கட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் அலசுங்கள். 1.2 கிலோவுக்கு இப்படி 12 வாளி. கையுறை போட்டு, காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள். கழிப்பறை ஆசிட் பட்ட வாளியைத் தொடவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் நுரையீரலை எரிக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

குழாயிலும் மேல்தொட்டியிலும் இந்த நீரையே நிரப்பி 12 மணி நேரம் விடுங்கள். அதுவரை யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. பிறகு நெடி போகும்வரை இறைத்து வெளியேற்றுங்கள் (கடலோரத்தில் சிறிது சிறிதாக). அந்த நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டால் மீனும் தவளையும் சாகும். செப்டிக் டேங்க்கில் விட்டால் கழிவை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் அழியும். வெற்றுத் தரையில் பரவவிட்டால் வெயிலே குளோரினை முறித்துவிடும்.

அன்றாட அளவு

இதன்பின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். நம் கிணற்றுக்கு 20 கிராம், அதே வாளி முறையில். இரவு கடைசியாக இறைத்த பின் போட்டால் காலைக்குள் வேலை முடிந்திருக்கும். குறைந்தது ஒரு மணி நேரமாவது வேண்டும். குளோரின் சோதனைப் பெட்டியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் எங்கிருந்தோ அழுக்கு இன்னும் கசிகிறது. அளவைக் கூட்டுவதோடு கசிவையும் தேடுங்கள். 15 மீட்டருக்குள் செப்டிக் டேங்க் இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். பரிசோதனை முடிவு வரும்வரை குடிநீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இந்தக் குளோரினுக்குச் சாகாது.

ஒரு வாரமாக வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை என்பதைச் சான்றாக எடுக்காதீர்கள். மஞ்சள்காமாலையின் ஏ வகை வெளிப்பட 50 நாள் வரை ஆகலாம். ஈ வகை அதையும் தாண்டலாம், கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தானது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். 100 மில்லியில் ஈ-கோலை (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீர் ஆகாது. மாதிரியைக் கண்ட பாட்டிலில் பிடிக்காமல் ஆய்வகம் தரும் பாட்டிலிலேயே பிடியுங்கள். குளோரினை முறிக்கும் மருந்து அதில் இருக்கும், கழுவிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, கெட்ட கிணற்றுக்கும் நல்ல முடிவு வந்துவிடும்.